ஒரு வீட்டுக்கு ஐந்து வாசல்கள்: மாகாண மட்டத்தில் வீடமைப்பு ஒருங்கிணைப்பு என்றால் என்ன?

பெரியம்மாவின் கடதாசிகள் எல்லாம் ஒரு பொலித்தீன் பைக்குள் இருந்தன. இடம்பெயர்ந்திருந்த காலத்துக் குடும்ப அட்டையின் நிழற்பிரதி, பிறப்புச் சான்றிதழ் தொலைந்ததற்காகக் கொடுத்த பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, அரச காணி வழங்குவதற்கான விசாரணையான காணிக் கச்சேரிக்கு எப்போதோ அழைத்து வந்த கடிதம், மடித்து மடித்து மடிப்புகளின் வழியே கிழியத் தொடங்கிய காணி அனுமதிப்பத்திரம். திருகோணமலை நகருக்குச் சற்று வெளியே, மகளின் வீட்டுத் தாழ்வாரத்தில் அவர் பல ஆண்டுகளாகப் படுத்தெழும்பி வந்தார். வீட்டுத்திட்டத்தில் பெயரைச் சேர்க்க முடியுமா என்று கேட்க அவரோடு நானும் போனேன். முதல் மேசையில், காணி அனுமதிப்பத்திரம் செல்லுபடியாக இருந்தால்தான் வீடு தரலாம் என்றார்கள். காணிக்குப் பொறுப்பான மேசையில், அந்தக் காணியில் குடியிருந்தால்தான் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கலாம் என்றார்கள். முதியோர் கொடுப்பனவுக்குப் பொறுப்பானவர், பெரியம்மாவின் பதிவு இன்னும் பழைய கிராம அலுவலர் பிரிவிலேயே இருப்பதாகவும், அதை மாற்றிக்கொண்டு வரும்படியும் சொன்னார். எவரும் கடிந்து பேசவில்லை. ஒவ்வொருவரும் தம் கையிலுள்ள சுற்றறிக்கைப்படி சரியான பதிலையே தந்தார்கள். அந்தச் சரியான பதில்களைச் சுமந்துகொண்டு நாங்கள் பஸ்ஸுக்காகக் காத்து நின்றபோது, அவருக்கு ஒரு கூரைக்கான வழி மட்டும் பிறந்திருக்கவில்லை.

வீடமைப்பு ஒருங்கிணைப்பு என்ற சொல்லின் பொருளை அன்றுதான் நான் சரியாக விளங்கிக்கொண்டேன். காணி, கட்டடப் பணம், திட்ட அனுமதி, தண்ணீரும் மின்சாரமும், சமூகப் பராமரிப்பு ஆகிய ஐந்தும் ஐந்து வெவ்வேறு வாசல்களுக்குப் பின்னால் இருக்கும்போது, தேவைப்பட்டவர் வாசல் வாசலாக அலையாமல், அலுவலகங்கள் தமக்குள் பேசி, ஒரே பட்டியலை வைத்து, எது முன்னால் எது பின்னால் என்று முடிவெடுத்து, அந்த முடிவுக்கு ஒருவரைப் பொறுப்பாக்குவதே ஒருங்கிணைப்பு. கூட்டம் கூடுவது அதன் ஒரு சிறு பகுதி மட்டுமே.

வீடற்றவர் என்று யாரைச் சொல்கிறோம்?

வீடற்றவர் என்றதும், பஸ் நிலையத்திலும் கடை விறாந்தைகளிலும் இரவில் துணி விரித்துப் படுப்பவரே நினைவுக்கு வருவார். அவர்கள் இருக்கிறார்கள்; அவர்களுடைய தேவையே மிக அவசரமானது. ஆனால் எமது மாவட்டத்தில் வீடின்மையின் பெரும்பகுதி தெருவில் தெரிவதில்லை. ஒரே வீட்டில் மூன்று குடும்பங்கள் அடுப்பை மட்டும் பிரித்துக்கொண்டு வாழ்வது, உரித்தில்லாத காணியில் தகரக் கொட்டில் போட்டிருப்பது, வாடகை கட்ட முடியாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சாமான்களை ஏற்றி இறக்குவது, அத்திவாரத்தோடு நின்றுபோன வீட்டின் பக்கத்தில் தறப்பாளின் கீழ் இருப்பது என்று அது பல முகங்களோடு வீடுகளுக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது. கணக்கெடுப்பு தெருவோடு நின்றுவிட்டால் இவர்களில் ஒருவரும் கணக்கில் வரமாட்டார்கள். ஆகவே, எந்த நிலையிலுள்ளவரை வீடற்றவர் என்று பதிவது என்பதில் எல்லா அலுவலகங்களும் ஒரே வரைவிலக்கணத்தை ஏற்றுக்கொள்வதுதான் ஒருங்கிணைப்பின் முதல் வேலை.

திருகோணமலையில் இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. 1964 டிசம்பர் சூறாவளி, பல பத்தாண்டு யுத்தம், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2006 இல் மூதூர் கிழக்கிலிருந்து நடந்த பெரும் இடப்பெயர்வு என ஒவ்வொன்றும் ஒரு புதிய வீடற்ற கூட்டத்தையும் அதற்கென ஒரு புதிய பட்டியலையும் விட்டுச்சென்றது. மூதூர் கிழக்கிலுள்ள சம்பூர் மக்களை எடுத்துக்கொள்ளலாம். 2006 ஏப்ரலில் வெளியேறிய அவர்களின் ஊர் அடுத்த ஆண்டு உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை ஆகிய இடங்களின் முகாம்களில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இருந்த பின், 2015 இலும் 2016 இலும் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. காணி விடுவிக்கப்பட்டதும் ஒருவர் இடம்பெயர்ந்தவர் என்ற நிரலிலிருந்து மீள்குடியேறியவர் என்ற நிரலுக்கு மாறுகிறார். ஆனால் அவர் திரும்பிப்போகும் வளவில் கிணறு தூர்ந்திருக்கும், வீடு நின்ற இடத்தில் பற்றைக்காடு மண்டியிருக்கும். பதிவேட்டின்படி அவருடைய பிரச்சினை தீர்ந்துவிட்டது. உண்மையில் அவர் வீடற்றவர்தான். ஒரு பட்டியல் மூடப்படும் நாளும் அடுத்த பட்டியல் திறக்கப்படும் நாளும் ஒன்றோடொன்று பொருந்தாதபோது மனிதர்கள் இடையில் விழுந்துவிடுகிறார்கள்.

கட்டுபடியாகும் வீடு

மலிவான வீடும் கட்டுபடியாகும் வீடும் ஒன்றல்ல. உலகளவில் பரவலாகப் பயன்படும் அளவுகோலின்படி, ஒரு குடும்பம் இருப்பிடத்துக்காகச் செலவிடுவது அதன் வருமானத்தில் 30 வீதத்தைத் தாண்டாமல் இருந்தால் அந்த வீடு கட்டுபடியானது. மாதச் சம்பளக்காரருக்கு இந்தக் கணக்கு எளிது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் வள்ளத்தைக் கரையில் ஏற்றி வைத்துவிடும் கடற்றொழிலாளிக்கும், விதைப்புக்கும் அறுவடைக்கும் மட்டும் வேலை கிடைக்கும் தம்பலகாமத்துக் கூலித் தொழிலாளிக்கும், எந்த மாத வருமானத்தில் 30 வீதம் என்று கேட்பது? மாதாமாதம் ஒரே தொகையை அறவிடும் வீட்டுக்கடன், வருமானம் உள்ள மாதத்தில் இலேசாகவும் இல்லாத மாதத்தில் கழுத்துச் சுருக்காகவும் மாறுவதைக் கரையோரக் கிராமங்களில் பலர் அனுபவித்திருக்கிறார்கள். கடன் தவணையைத் தொழிற்பருவத்தோடு பொருத்துவதற்கு, கடன் தரும் நிறுவனத்துக்குக் கடற்றொழில் திணைக்களத்திடமும் கமநல சேவை நிலையத்திடமும் இருக்கும் தகவல் தேவை. இதுவும் ஒருங்கிணைப்புத்தான்.

வீட்டின் இடமும் விலையில் சேரும். ஐக்கிய நாடுகள் சபையின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் குழு 1991 இல் வெளியிட்ட விளக்கத்தில், போதுமான வீடு என்பதற்கு உரித்துப் பாதுகாப்பு, அடிப்படை வசதிகள், கட்டுபடியாகும் தன்மை, வாழத் தகுந்த நிலை, எல்லோரும் பெறக்கூடிய தன்மை, அமைவிடம், பண்பாட்டுப் பொருத்தம் என ஏழு அம்சங்களைச் சொன்னது. இவற்றில் அமைவிடத்தை நாம் அதிகம் மறக்கிறோம். ஆழிப்பேரலைக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள்ளும், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருக்குள்ளும் வீடு கட்டக் கூடாது என்று அறிவிக்கப்பட்டது. கடலை நம்பியிருந்த குடும்பங்களுக்குக் கரையைவிட்டு உள்ளே காணி தேட வேண்டியதாயிற்று. அரச காணி கிடைத்த இடம் கரைக்குத் தொலைவாக இருந்தது. வலையையும் இயந்திரத்தையும் இரவில் யார் காவல் காப்பது, விடியப்புறம் கடலுக்குப் போக எந்த வாகனம் இருக்கிறது என்பதெல்லாம் வீடு கட்டியவர்களின் கோவையில் இருக்கவில்லை. அந்த எல்லை 2005 இன் பிற்பகுதியில் தளர்த்தப்பட்டது. அதற்குள் பல இடங்களில் தீர்மானங்கள் எடுத்து முடிந்திருந்தன.

எந்த அதிகாரம் யாரிடம்?

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் அதிகாரங்களை மூன்று நிரல்களாகப் பிரித்தது. மாகாண வீடமைப்பும் நிர்மாணமும், சமூக சேவையும் புனர்வாழ்வும், உள்ளூராட்சி மேற்பார்வையும் மாகாண சபை நிரலில் இருக்கின்றன. அதே வேளையில் தேசிய வீடமைப்பு, இடம்பெயர்ந்தோருக்கான நிவாரணமும் மீள்குடியேற்றமும், மத்திய அரசுக்கும் மாகாணத்துக்கும் பொதுவான ஒருங்கிய நிரலிலும் இருக்கின்றன. ஒரே விடயத்தில் இருவருக்கும் இடம் இருந்தால், வேலையை மற்றவர் செய்வார் என்று இருவருமே எண்ணிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. கிழக்கு மாகாண சபையின் முதலாவது தேர்தல் 2008 மே மாதத்தில் நடந்தது. 2017 செப்டெம்பரில் அதன் பதவிக்காலம் முடிந்தபின் மாகாண நிருவாகம் ஆளுநரின் கீழேயே நடந்து வருகிறது. வீடமைப்பு முன்னுரிமை பற்றி மாகாண மட்டத்தில் மக்கள் பிரதிநிதிகள் பகிரங்கமாக விவாதிக்கும் மேடை இத்தனை காலமாக வெறுமையாக இருப்பது, என் பார்வையில், வெறும் அரசியல் குறை மட்டுமல்ல. வீடற்றவருக்கு நேரடியாக ஏற்படும் இழப்பு.

நடைமுறையில் பெரும் பணமும் திட்டமும் 1979 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய வீடமைப்பு அதிகார சபையின் வழியாக வருகின்றன. அரச காணி பிரதேச செயலாளரின் கையில். அவர் மத்திய அரசின் அதிகாரி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் அவர் வழியாகவே வருகிறது. கட்டட வரைபடத்துக்கு அனுமதி தருவதும் குப்பை அகற்றுவதும் உள்வீதி போடுவதும் உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பு. முதியோர், மாற்றுத்திறனாளிகள், ஆதரவற்றோர் ஆகியோருக்கான பராமரிப்பு மாகாண சமூக சேவைத் திணைக்களத்தின் பொறுப்பு. ஒரே பிரதேச செயலகத்தில், மத்திய அரசின் சமூக சேவை உத்தியோகத்தர் ஒருவரும் மாகாணத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் ஒருவரும் அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்து வேறு வேறு பதிவேடுகளில் எழுதுவதை நீங்கள் பார்க்கலாம்.

இவர்கள் அனைவரும் சந்திப்பதற்கான இடங்கள் ஏற்கனவே உள்ளன. பிரதேச மட்டத்தில் பிரதேச ஒருங்கிணைப்புக் குழு. மாவட்ட மட்டத்தில் மாவட்டச் செயலகமான கச்சேரியில் கூடும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு. திருகோணமலை மாவட்டத்தில் பட்டினமும் சூழலும், குச்சவெளி, கிண்ணியா, மூதூர், சேருவில, வெருகல், கந்தளாய், தம்பலகாமம், மொறவெவ, கோமரங்கடவல, பதவிசிறிபுர என 11 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. நகரத்து வாடகைக்காரரின் தேவையும் வெருகல் ஆற்றங்கரையில் ஆண்டுதோறும் வெள்ளத்தை எதிர்பார்த்திருப்பவரின் தேவையும் ஒன்றல்ல. ஒவ்வொரு பிரிவும் தன் தேவையைத் தன் அளவுக்குள் மட்டும் பார்த்தால், நகரத்தில் வேலை செய்பவருக்குக் கட்டுபடியாகும் காணி அடுத்த பிரிவில்தான் இருக்கிறது என்ற உண்மை எவருடைய கண்ணிலும் படாது. மாவட்டமும் மாகாணமும் சேர்ந்து பார்க்க வேண்டியது இதனால்தான்.

லிண்டலோடு நிற்கும் வீடுகள்

கிழக்கில் வீட்டுத்திட்டம் என்றால் பெரும்பாலும் பயனாளி தானே கட்டும் முறைதான். ஆழிப்பேரலைக்குப் பின் முழுதாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபாவும் பகுதியாகச் சேதமடைந்ததற்கு 100,000 ரூபாவும் கட்டம் கட்டமாகத் தரப்பட்டன. பின்னர் இந்திய அரசின் உதவியில் வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வீடுகளுக்கான திட்டம் வந்தபோது, ஒரு புதிய வீட்டுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது. முறை ஒன்றே. அத்திவாரம் முடிந்ததும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து நாடா பிடித்து அளப்பார், உரிமையாளரைச் சுவரோடு நிறுத்திப் படம் எடுப்பார், அறிக்கை போகும், அடுத்த தவணை வங்கிக்கு வரும். பின் லிண்டல் மட்டம் (கதவு, யன்னலுக்கு மேலே வரும் கொங்கிறீற் வளை), பின் கூரை, பின் கதவு, யன்னல், மலசலகூடம்.

தவணை தாமதமானால் நடப்பதை ஒரு வளவுக்குள் நின்று பார்த்தால்தான் விளங்கும். லிண்டல் கொங்கிறீற் போட்டு முடிந்திருக்கும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் ஒரு மாரிக்குள் செம்மண் நிறத்தில் துருப்பிடித்துவிடும். மேசனுக்குக் கொடுக்க வேண்டிய மிச்சக் கூலிக்காகப் பெண்ணின் சங்கிலி அடைவு கடைக்குப் போயிருக்கும். சீமெந்துக் கடையில் கடன் கொப்பி நீண்டிருக்கும். குடும்பம் பழைய கொட்டிலையும் பிரித்து அதன் தகரத்தைப் புதிய சுவரில் சாத்தியிருக்கும். ஆட்சி மாறி நிதி நின்றபோதும், 2022 பொருளாதார நெருக்கடியில் சீமெந்தும் கம்பியும் இரட்டிப்புக்கு மேல் விலையேறியபோதும் இப்படிப் பல வீடுகள் பாதியில் நின்றன. வீடு கொடுக்கத் தொடங்கிய திட்டமே அந்தக் குடும்பத்தை முன்னைவிடப் பெரிய கடனாளியாக்கிவிட்டது.

கேரள அரசு 2016 இல் அறிவித்த லைஃப் மிஷன் இவ்விடத்தில் நமக்கு நல்ல பாடம். அத்திட்டம் புதிய வீடுகளுக்கு அடிக்கல் நடுவதில் தொடங்கவில்லை. பழைய திட்டங்களில் பாதியில் நின்ற வீடுகளை முடித்துக்கொடுப்பதே அதன் முதற்கட்டம்; அதன்பின் காணி இருந்தும் வீடு இல்லாதவர்; அதன்பின்னரே காணியும் வீடும் இல்லாதவர். வெவ்வேறு திணைக்களங்களின் திட்டங்களில் தொங்கிக்கொண்டிருந்த வீடுகளை ஒரே பட்டியலுக்குள் கொண்டுவந்த பின்னர்தான் இந்த வரிசை சாத்தியமாயிற்று. எமது மாவட்டத்திலும் எந்த நிதியில் தொடங்கியது என்று பாராமல் எல்லாப் பாதி வீடுகளையும் ஒரே பதிவேட்டில் எழுதுவதே முதல் வேலையாக இருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

யாருடைய பெயரில்?

கிழக்கில் மகளுக்கு வீடு வளவு கொடுத்துத்தான் கலியாணம் செய்து வைப்பார்கள். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இது நெடுங்கால வழக்கம். சீதன வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். கணவனே அங்கு வந்து சேருவார். ஆனால் ஆழிப்பேரலைக்குப் பின் மாற்றுக் காணி கொடுத்தபோது, குடும்பத் தலைவர் என்ற நிரலில் வழமையாக ஆணின் பெயரே எழுதப்பட்டதால், தாய் வழியில் வந்த வீட்டை இழந்த பெண்கள் பலருக்குப் புதிய வீடு கணவனின் பெயரில் வந்தது. அனுமதிப்பத்திரம் உள்ளவர் இறந்தபின் காணி யாருக்குப் போகும் என்பதைச் சொல்லும், காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பின்னுரித்து வரிசையும் மகளுக்கு முன்னால் மகனை வைத்திருந்தது. அது 2022 இல்தான் திருத்தப்பட்டது. ஒரு படிவத்தின் ஒரு வரி ஒரு பிரதேசத்தின் முழு வழக்கத்தையும் எப்படிப் புரட்டிப்போடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கணவன் விட்டுப்போனாலோ அடித்துத் துரத்தினாலோ அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் ஒரே இரவில் வீடற்றவராவதற்கு இந்த வரி காரணமாகிறது. ஆகவே, பயனாளித் தெரிவில் காணிப் பிரிவோடு மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் மேசையில் இருக்க வேண்டும்.

தெருவில் இருப்பவருக்கு

இங்கே சட்டம் நெடுங்காலமாக வேறு திசையில் பார்த்து வந்தது. 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், தெருவில் இருப்பதைக் குற்றத்தோடு சேர்த்துப் பார்த்தது. 1907 இல் வந்த கட்டளைச் சட்டம் அப்படிப்பட்டவரை நீதிமன்ற உத்தரவின் பேரில் தடுப்பு இல்லத்துக்கு அனுப்ப வழிசெய்தது. அம்பாந்தோட்டை மாவட்டத்து ரிதியகமவில் அத்தகைய இல்லம் ஒன்று இருக்கிறது. திருகோணமலைத் தெருவில் படுத்திருந்த, தமிழ் மட்டுமே பேசத் தெரிந்த ஒருவரைத் தீவின் மறுமுனைக்கு அனுப்பிவைத்தால், அவரைத் தேடி வரக்கூடிய கடைசி உறவினரையும் நாம் அவரிடமிருந்து பறித்துவிடுகிறோம்.

பின்லாந்து வேறு வழியில் போனது. 2008 இல் அங்கு அரசும் பெரிய நகரங்களும் எழுத்துமூலம் உடன்பட்டு, வீடற்றவருக்கு முதலில் நிரந்தர இருப்பிடத்தைக் கொடுப்பது, குடிப்பழக்கத்துக்கும் மனநோய்க்கும் கடனுக்குமான உதவியை அந்த வீட்டுக்கே கொண்டுபோவது என்று தீர்மானித்தன. அன்று ஏறத்தாழ 8,000 ஆக இருந்த வீடற்றோர் தொகை 2023 இல் 3,429 ஆகக் குறைந்தது; சமூக நலக் கொடுப்பனவுகள் வெட்டப்பட்ட பின் 2024 இல் மீண்டும் கூடியது. பின்லாந்தின் செல்வம் எம்மிடம் இல்லை. ஆயினும் அதன் வரிசைமுறையை எடுத்துக்கொள்ளலாம். வைத்தியசாலையில் மனநலப் பிரிவிலிருந்து ஒருவரை அனுப்புவதற்கு முன், அவர் போய்ச் சேரும் இடம் எது என்று சமூக சேவை உத்தியோகத்தருக்கு ஓர் அழைப்பு. முகவரி இல்லை என்பதற்காக அடையாள அட்டையும், அட்டை இல்லை என்பதற்காகக் கொடுப்பனவும் மறுக்கப்படாமல் இருக்க, அந்தப் பிரதேச செயலகமே தற்காலிக முகவரியாக நிற்பது. இவற்றுக்குப் பெரும் நிதி தேவையில்லை.

இந்த விடயத்தில் சாதாரண குடிமகன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, உங்கள் பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்துமூலம் கேட்கலாம்: இந்தப் பிரிவில் எத்தனை வீடுகள் பாதியில் நிற்கின்றன, எந்தெந்த ஆண்டில் எந்தத் திட்டத்தில் தொடங்கியவை, வழங்கப்படாத தவணைத் தொகை எவ்வளவு, வீடற்றவர் பட்டியல் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது. தருவதா இல்லையா என்ற தீர்மானம் 14 வேலை நாட்களுக்குள் எடுக்கப்பட வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கையளித்ததும் பற்றுச்சீட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.